ஒரு வேட்டைத் துப்பாக்கியின் பூர்வீகம்

அரசாங்க அலுவலகத்தில் எழுத்தராய்ப் பணியாற்றுகிறவனுக்குப் பெயரைவிட முத்திரையில்தான் நம்பிக்கை அதிகம். மனுவின் தலைப்பில் எவரும் எந்தப் பெயரையும் எழுதிவிடலாம். கீழே இட்ட முத்திரையும், ஓரத்தில் குறித்த எண்ணும், அவ்வெண்ணுக்குரிய பதிவேடும் ஒன்றோடொன்று ஒத்து வந்தால்தான் அந்த மனு உயிர் பெறும். இப்பாடத்தைப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகப் பயின்ற நாமே, ஒருமுறை பெயரை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்திட்டோம். அதனால் நேர்ந்த வெட்கத்தையும், அவ்வெட்கத்தின் வழியே கற்றுக்கொண்டவற்றையும் மலரின் அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

நாம் குடியிருப்பது தென் கொல்கத்தாவில், லேக் மார்க்கெட்டுக்கு அருகே, ஒரு பழைய வீட்டின் கீழ்த்தளத்தில். மாடியில் வீட்டுக்காரர் வாழ்கிறார். எண்பதைத் தொட்ட வங்காளப் பெரியவர். நம் குழந்தைகள் அவரைத் 'தாது' என்று அழைப்பார்கள். அவர் நம்மை, வங்காள முதியவர்கள் இளையோரை வாஞ்சையோடு விளிக்கும் முறையில், 'பாபா' என்பார். வாடகை ரசீது எழுதுவது, மாநகராட்சிக்குக் கடிதம் வரைவது போன்ற காரியங்களுக்கு நம்மைத்தான் கூப்பிடுவார். 'எழுத்து வேலைக்குத் தென்னாட்டார்தாம்' என்று அவர் சொல்லும்போது நமக்குச் சற்றே பெருமையாகவும் இருக்கும்.

2019ஆம் ஆண்டு டிசம்பரில் ஆயுதச் சட்டம் திருத்தப்பட்டது. அதுவரை உரிமம் பெற்ற ஒருவர் மூன்று துப்பாக்கிகள் வரை வைத்துக்கொள்ளலாம் என்றிருந்தது இரண்டாகக் குறைந்தது. மூன்றாவதை ஓராண்டுக்குள் ஒப்படைக்கவோ விற்கவோ வேண்டும். பெரியவரிடம் இருந்தவை சரியாக மூன்று: தந்தையார் வைத்திருந்த கைத்துப்பாக்கி, பன்னிரண்டு போர் இரட்டைக் குழல் துப்பாக்கி, கொள்ளுப்பாட்டனார் காலத்து வேட்டை ரைபிள். அந்த ரைபிளை விற்றுவிடலாம் என்று அவருடைய பேரன் யோசனை சொன்னான். மாடிக் கூரை இரண்டு மழைக்காலங்களாக ஒழுகிக்கொண்டிருந்தது. வெளியூரில் பழந்துப்பாக்கிகளைச் சேகரிக்கும், முறையான உரிமம் உள்ள ஒருவர் நல்ல விலை தரக்கூடும் என்றும் விசாரித்து வைத்திருந்தான்.

பெரியவர் பெட்டியைத் திறந்து காட்டிய மாலை நினைவிருக்கிறது. உள்ளே பச்சைக் கம்பளித் துணி விரித்திருந்தது. அருகருகே இரண்டு குழல்கள், பின்புறம் காதுகள் போல் நிமிர்ந்த இரண்டு குதிரைகள், எண்ணெய் பூசிப் பூசிக் கறுத்த கட்டை. இரு குழல்களையும் இணைக்கும் மேற்பட்டையில் 'மான்டன் அண்டு கம்பெனி, கல்கத்தா' என்று பூவேலைப்பாட்டோடு பொறித்திருந்தது.

"ஜோசப் மான்டன், பாபா! லண்டன் மாநகரில் அவன் தன் கையால் செய்தது. அப்படியே இருக்கிறது. ஒரு திருகுகூட மாறவில்லை" என்றார் பெரியவர்.

ஜோசப் மான்டன் ஆங்கிலேயத் துப்பாக்கிக் கம்மியருள் தலைசிறந்தவர் என்பதை மட்டும் நாம் எங்கோ படித்திருந்தோம். அது போதுமென்று எண்ணினோம். பேரன் கேட்டுக்கொண்டபடி அன்றிரவே அழகான ஆங்கிலத்தில் ஒரு விவரக் கடிதம் வரைந்தோம். 'லண்டன் ஜோசப் மான்டன் தயாரித்தது. எல்லா உறுப்புகளும் மூலமானவை' என்று எழுதி, 'பார்வையிட்டேன்' என்று நம் கையெழுத்தையும் இட்டோம்.

பத்து நாளில் மறுமொழி வந்தது. கோபமான சொல் ஒன்றும் அதில் இல்லை; நான்கு வினாக்களே இருந்தன. குழல்களின் அடியில் உள்ள சோதனை முத்திரைகள் எவை? தொடர் எண் எந்தெந்த உறுப்புகளில் காணப்படுகிறது? விசைப்பொறியின் உட்புறத்தில் எழுத்துகள் உண்டா? மரமும் உலோகமும் சேரும் இடங்களில் இடைவெளி உண்டா? இறுதியில் ஒரு வரி: 'ஜோசப் மான்டன் 1835இல் காலமானார் என்பதைத் தாங்கள் அறிந்திருப்பீர்கள்.'

நாம் அறிந்திருக்கவில்லை. அவ்வரியைப் படித்தபோது, அலுவலகத்தில் மேலதிகாரி கோப்பைத் திருப்பி அனுப்பும்போது ஏற்படும் குறுகுறுப்பு உடலெங்கும் பரவியது. அடுத்து வந்த இரண்டு சனிக்கிழமைகளை அலிப்பூரில் உள்ள தேசிய நூலகத்தில் கழித்தோம். டபிள்யூ. டபிள்யூ. கிரீனர் என்னும் பர்மிங்ஹாம் கம்மியர் துப்பாக்கியின் வளர்ச்சியைப் பற்றி 1881இல் வெளியிட்ட பெருநூல் நமக்கு அரிச்சுவடி ஆயிற்று.

முதலில் தெரிந்துகொண்டது பெயரின் மயக்கம். துப்பாக்கியில் பொறித்துள்ள பெயர் செய்தவன் பெயராக இருக்க வேண்டும் என்பதில்லை. விற்றவன் பெயராகவும் இருக்கலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பர்மிங்ஹாம் நகரில் துப்பாக்கித் தொழிலுக்கென்றே ஒரு பேட்டை இருந்தது. குழல் செய்பவர் ஒருவர், விசைப்பொறிக்கு அரம் பிடிப்பவர் ஒருவர், கட்டை செதுக்குபவர் ஒருவர், பூவேலை செய்பவர் ஒருவர் என்று ஒரு துப்பாக்கி பல பட்டறைகளின் வழியே நடந்து நடந்து முழுமை பெற்றது. முடிந்த பொருளில் இங்கிலாந்தின் சிற்றூர்க் கடைக்காரர் பெயரும் ஏறும். கல்கத்தா, பம்பாய்க் கடைகளின் பெயரும் ஏறும். நம் சென்னையில் கடிகாரத்துக்குப் பெயர்போன பி. ஆர் அண்டு சன்ஸ் நிறுவனத்தின் பெயர் தாங்கிய வேட்டைத் துப்பாக்கிகளும் உண்டு. அவை மவுண்ட் ரோட்டில் பிறந்தவை அல்ல. புகழ்பெற்ற பெயரைத் திருடுவோரும் இருந்தனர். மான்டன் பெயரை ஓரெழுத்து மாற்றிப் பொறித்து விற்ற போலிகள் பல.

ஜோசப் மான்டனின் கதையும் உருக்கமானது. பின்னாளில் உலகப் புகழ் பெற்ற ஜேம்ஸ் பர்டி அவருடைய பட்டறையில் வேலை பார்த்தவர். 1814இல் தனிக்கடை கண்டார். குருவோ 1826இல் திவாலானார். சீடன் பெயர் செல்வமாய் வளர, குருவின் பெயர் கடல் கடந்து கல்கத்தாவில் ஒரு கடைப் பலகையாக நின்றது. பெரியவர் வீட்டு ரைபிளில் இருந்தது அந்தக் கடையின் பெயரே. போலி அன்று, ஆயினும் நாம் எழுதியதும் உண்மை அன்று.

மற்ற வினாக்களுக்கு விடை காணத் துப்பாக்கியைப் பிரிக்க வேண்டும். பெரியவரும் பேரனும் நாமும் தர்மதலாவை அடுத்த ஒரு தெருவில் உள்ள உரிமம் பெற்ற கடைக்கு அதைக் கொண்டு சென்றோம். அங்கே வேலை பார்க்கும் மிஸ்திரி முங்கேர்க்காரர். பீகாரில் உள்ள முங்கேர் துப்பாக்கித் தொழிலுக்குத் தலைமுறை தலைமுறையாகப் பெயர் பெற்ற ஊர். மூக்குக் கண்ணாடியை நூலால் கட்டியிருந்த அம்முதியவர் பெயர் பொறித்த பட்டையை ஏறிட்டும் பார்க்கவில்லை. "இது கடைப்பலகை, பாபு. வீட்டுக்குள்ளே போவோம்" என்று சொல்லி, அடியில் இருந்த நெம்புகோலைப் பக்கவாட்டில் திருப்பினார். குழல்கள் கீழ்நோக்கி மடிந்தன. முன்கட்டையைக் கழற்றிக் குழல்களைத் தனியே எடுத்துத் தலைகீழாக விரிப்பின் மேல் வைத்தார்.

அங்கே இருந்தன முத்திரைகள்! சோதனை முத்திரை என்பது இன்னதென்று சொல்லவேண்டும். வழக்கமான அளவைவிட மிகுதியான மருந்தை அடைத்துக் குழலைச் சுட்டுப் பார்ப்பார்கள். வெடிக்காமலும் பிளக்காமலும் தாங்கிய குழலுக்கே முத்திரை கிடைக்கும். லண்டனில் இவ்வேலையைச் செய்தது 1637இல் அரச சாசனம் பெற்ற துப்பாக்கிக் கம்மியர் சங்கம். பர்மிங்ஹாமில் 1813ஆம் ஆண்டுச் சட்டத்தால் தனிச் சோதனைச் சாலை எழுந்தது. லண்டன் முத்திரையில் மகுடத்தின் கீழ் ஜீ, பீ என்னும் ஆங்கில எழுத்துகள் பின்னிக் கிடக்கும். பர்மிங்ஹாம் முத்திரையில் மகுடத்தின் கீழ் இரு செங்கோல்கள் குறுக்காகக் கிடக்கும். பிந்தைய நகரம் 1904இல் வேறு வடிவத்துக்கு மாறிவிட்டது. ஆகவே குறுக்குச் செங்கோலைக் கண்டால் ஊரும் தெரியும். 1904க்கு முற்பட்டது என்னும் காலமும் தெரியும்.

விளக்கின் அருகே பிடித்துப் பார்த்தோம். இரண்டு குழல்களிலும் குறுக்குச் செங்கோல்கள். லண்டன் என்பது அந்தக் கணத்தில் மறைந்தது. பெரியவர் ஒன்றும் பேசவில்லை. கைத்தடியின் பிடியை மட்டும் இறுகப் பற்றிக்கொண்டார்.

செங்கோலுக்கு அருகே 38 என்னும் எண் இருந்தது. ஒரு பவுண்டு ஈயத்தில் சம அளவாக எத்தனை குண்டுகள் வார்த்தால் அவை குழலுக்குப் பொருந்துமோ, அந்த எண்ணிக்கையே குழலின் அளவு. அரை அங்குலக் குழலுக்கு அது ஏறக்குறைய 38. கரும்புகை மருந்தைக் கொண்டு இலேசான குண்டை மிகுந்த வேகத்தில் செலுத்தும் இவ்வகை ரைபிள்களுக்கு 'எக்ஸ்பிரஸ்' என்று பெயர். விரைவு ரெயிலை நினைவில் கொண்டு 1856இல் பர்டி நிறுவனத்தார் சூட்டிய பெயர் அது. குழலின் அளவே சில துப்பாக்கிகளின் காலத்தைச் சொல்லிவிடும் என்றார் மிஸ்திரி. .450 அளவுள்ள ரைபிள்கள் இந்தியாவுக்குள் வருவதை ஆங்கில அரசு 1907இல் தடை செய்தது. படைத் துப்பாக்கியின் தோட்டாக் குண்டுகள் கலகக்காரர்களுக்குப் பயன்படும் என்னும் அச்சமே காரணம். உடனே கம்மியர்கள் .470, .465 என்று புதிய அளவுகளைப் படைத்தனர். சட்டத்தின் ஒரு வரி இரும்பின் உடலை மாற்றியமைத்த கதை அது. அரசாங்க எழுத்தர் என்னும் முறையில் நம்மை அது வியக்கவைத்தது.

அடுத்து, விசைப்பொறித் தகடுகளைக் கழற்றும் முன்பு மிஸ்திரி திருகுகளின் தலையைக் காட்டினார். நல்ல கம்மியன் திருகின் பள்ளம் குழலின் போக்கிலேயே நேராக நிற்கும்படி முடுக்கியிருப்பான். பள்ளத்தின் விளிம்பு சிதைந்திருந்தால் கைவராதவன் எவனோ திறந்திருக்கிறான் என்று பொருள். இங்கே தகட்டுத் திருகுகள் நேராக நின்றன. உட்புறத்தில் ஜே, பீ என்னும் இரண்டு சிற்றெழுத்துகள். உல்வர்ஹாம்ப்டன் நகரத்துப் பிரேசியர் குடும்பத்தார், லண்டனின் முதல்தரக் கம்மியர்களுக்கும் விசைப்பொறி செய்து கொடுத்தவர்கள்; அவர்களை நினைவூட்டும் எழுத்துகள் அவை. சுட்டதும் குதிரை தானே பாதி நிலைக்குத் திரும்பும் அமைப்பும் இருந்தது. ஸ்டான்டன் என்பவர் 1867இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். ஆக, அதற்குப் பிந்தியது; 1904க்கு முந்தியது. கொள்ளுப்பாட்டனார் 1880களில் வாங்கினார் என்னும் குடும்பச் செய்திக்கு இது முற்றிலும் பொருந்தியது. குழல், முன்கட்டையின் இரும்பு, விசைக்காப்பு ஆகிய மூன்றிலும் ஒரே எண். கோப்பு ஒழுங்காகத்தான் இருந்தது.

பெரியவர் முகம் சற்றுத் தெளிந்தது. "பர்மிங்ஹாம் ஆனால் என்ன? எல்லாம் மூலம்தானே?" என்றார்.

மிஸ்திரி விடை சொல்லவில்லை. பின்கட்டையைத் தூக்கிக் கையில் எடை பார்த்தார். முன்கட்டையையும் எடுத்து இரண்டையும் ஜன்னலருகே ஒட்டிப் பிடித்தார். எண்ணெயும் காலமும் ஒன்றாகக் கறுக்கவைத்திருந்த இரு மரங்களும் வெயிலில் பிரிந்து நின்றன. முன்கட்டை அக்ரூட் மரம். ஆங்கிலேயக் கம்மியர் விரும்பும் மரம். பின்கட்டையில் ரேகைகள் ஒன்றையொன்று பின்னி ஓடின. "சீசம். எங்கள் பக்கத்து மரம். பிடியில் செதுக்கிய கட்டங்களைப் பாருங்கள். முன்கட்டையில் உள்ளது போல் சீராக இல்லை. தகட்டைச் சுற்றி நூலிழை இடைவெளி. பழைய கட்டை போய்விட்டது, பாபு. இது இந்த நாட்டுக் கை. எங்கள் ஊர்க்காரன் கையாகவும் இருக்கலாம்" என்றார்.

பேரன் முகம் வாடியது. சேகரிப்பாளருக்குக் கட்டை மாறியது பெருங்குறை, விலை பாதியாகும். நமக்கோ, 'எல்லா உறுப்புகளும் மூலமானவை' என்று எழுதிய வரி கண்முன் நின்று சுட்டது.

பெரியவர் நெடுநேரம் அந்தச் சீசக் கட்டையைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு மெல்லச் சொன்னார். கொள்ளுப்பாட்டனார் ஜல்பாய்குரிக்கு அப்பால் டூவார்ஸ் காடுகளில் மரக் குத்தகை எடுத்தவர். ஒருநாள் காயம்பட்ட காட்டுப்பன்றி ஒன்று, வேட்டைக்குத் தட்டியடிக்க வந்த கூலிச் சிறுவன்மேல் பாய்ந்ததாம். இரண்டு குழலும் சுட்டுத் தீர்ந்த நிலை. அவர் துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்துக் கட்டையால் பன்றியின் மண்டையில் அடித்துச் சிறுவனைக் காப்பாற்றினாராம். கட்டை பிடியில் முறிந்து போயிற்றாம். இக்கதையை அவர் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டில் எவரும் நம்பவில்லை.

"என் தகப்பனார் இந்தக் கட்டையை எங்களிடம் காட்டிச் சிரிப்பார், பாபா. 'முறிந்ததாம்! கீறலாவது இருக்கிறதா பார்' என்பார். கீறல் இல்லாததால் கிழவரைப் புளுகர் என்றே முடிவு கட்டினோம். கட்டை வேறு என்று யாருக்குத் தெரியும்?"

எழுத்தரின் எச்சரிக்கையோடு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கட்டை மாறியிருப்பது பன்றிக் கதைக்குச் சான்று ஆகாது. கறையான் அரித்தும் மாறியிருக்கலாம். கீழே விழுந்தும் உடைந்திருக்கலாம். ஆனால் அக்கதைக்கு எதிராக ஒரு குடும்பம் மூன்று தலைமுறையாக வைத்திருந்த ஒரே சான்று அன்று அந்த ஜன்னலோரத்தில் தள்ளுபடி ஆயிற்று.

ஆங்கிலேய வேட்டை ரைபிள்களுள் மூலம் ஐயமற விளங்கும் ஒன்றை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கலாம். சம்பாவத் ஊரை நடுங்கவைத்த ஆட்கொல்லிப் பெண்புலியை 1907இல் ஜிம் கார்பெட் கொன்றதற்காக, ஐக்கிய மாகாணத் துணை ஆளுநர் ஹெவெட் துரை அவருக்கு ஒரு ரைபிளைப் பரிசளித்தார். அச்செய்தியைக் கூறும் வெள்ளித் தகடு அதன் கட்டையிலேயே பதித்திருக்கிறது. செய்த ரிக்பி நிறுவனத்தாரிடம் பழைய விற்பனை ஏடுகளும் உள்ளன; 2015இல் அத்துப்பாக்கியும் அவர்களிடமே திரும்பி வந்தது. பெயர், எண், ஏடு, தகடு நான்கும் ஒத்துப்போகின்றன. ஆயினும் லண்டன் பெயர் தாங்கிய அதன் நெஞ்சுப் பகுதியான இயக்கப்பொறி ஜெர்மனியின் மவுசர் ஆலையில் பிறந்தது. அதனால் எவரும் அதைப் போலி என்பதில்லை. எந்த உறுப்பு எங்கிருந்து வந்தது என்பதை மறைக்காமல் சொன்னால் அது மூலமே. மறைத்தால்தான் போலி.

மறுநாள் இரண்டாம் கடிதத்தை எழுதினோம். 'முன் கடிதத்தில் நாம் எழுதியவை பெயரை மட்டும் பார்த்து எழுதியவை. அவற்றைத் திரும்பப் பெறுகிறோம்' என்று தொடங்கி, செங்கோல் முத்திரை முதல் சீசக் கட்டை வரை ஒன்றுவிடாமல் குறித்தோம். பேரன் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டான்: "கட்டையைப் பற்றிய வரியை மட்டும் விட்டுவிட்டால் என்ன, காக்கு? அவர்கள் கேட்டால் அப்போது சொல்லலாமே." கூரையின் ஒழுகல் நமக்கும் தெரியும், அவன் கேட்டதில் பேராசை இல்லை. ஆயினும் ஒரு முறை இட்ட பொய்க் கையெழுத்தே போதும் என்றிருந்தது. மறுத்தோம். சில மாதங்கள் அவன் நம்மைக் கண்டால் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

சேகரிப்பாளர் மரியாதையான மறுமொழி அனுப்பினார். விலையைப் பாதிக்கும் கீழே குறைத்திருந்தார். பெரியவர் அக்கடிதத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு, "பன்னிரண்டு போரைக் கொடுத்துவிடலாம். இது இருக்கட்டும்" என்றார். அப்படியே செய்தோம். 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு அந்த ரைபிளுக்கு வேலை ஏதுமில்லை, இனியும் இருக்கப்போவதில்லை. பன்னிரண்டு போர் பெற்றுத் தந்த சிறு தொகை கூரையின் ஒரு மூலைக்கே போதுமானதாக இருந்தது. அவ்வாண்டு மழையிலும் மாடியில் இரண்டு வாளிகள் வைத்தார்கள்.

நம் வீட்டுப் பித்தளைக் காப்பி வடிகட்டியின் மேற்பாத்திரம் கும்பகோணத்தில் வாங்கியது. கீழ்ப்பாத்திரம் ஓட்டையானபின் கரியாஹாட்டில் வாங்கியது. ஊரிலிருந்து உறவினர் வந்தால் அதைச் சொல்ல முன்பெல்லாம் கூச்சப்படுவோம். நம் மகன் பேசும் தமிழில் வங்காளச் சொல் கலந்தால் விருந்தினர் முன் கடிந்துகொள்வதும் உண்டு. இப்போது பிழையைத் திருத்துகிறோம், கடிந்துகொள்வதில்லை. எந்தச் சொல் எந்த ஊர்ச் சொல் என்று அவனுக்குத் தெரிந்திருந்தால் போதும் என்று தோன்றுகிறது.

பெரியவர் அந்த இரண்டாம் கடிதத்தின் நகலைக் கேட்டு வாங்கி, துப்பாக்கிப் பெட்டியின் பச்சைத் துணிக்கு அடியில் வைத்துக்கொண்டார். விருந்தினர் வந்தால் பெட்டியைத் திறக்கிறார். மான்டன் பெயர் பொறித்த பட்டையை இப்போது முதலில் காட்டுவதில்லை. கட்டையைத்தான் காட்டுகிறார், பன்றிக் கதையைச் சொல்கிறார், முடிவில், "ஆனால் இதற்குச் சான்று இல்லை என்று கீழ்வீட்டுப் பாபு எழுதியிருக்கிறார்" என்று சேர்த்துக்கொள்கிறார்.